மைக்கேல் கியூசாக்

ஒரு நாட்டு மக்களின் இயல்பை அவர்தம் நூல்களிற் காண்பது போலவே அவர்தம் விளையாட்டுக்களிலும் காணலாம். அயர்லாந்து தேசத்தில் இவ்வுண்மை பிற தேசங்களினும் தெளிவாகப் புலப்படுகின்றது. ஒருவன் எந்தப் பந்தை ஆடுகின்றான் என்பதைக் கொண்டே அவன் எக்கட்சியினன், எவ்வரசை விழைபவன் என்று ஊரார் உய்த்துணர்ந்த காலம் ஒன்று அங்கே இருந்தது. ரக்பி ஆடுபவன் ஆங்கிலச் சார்பினன். ஹர்லிங் ஆடுபவன் தேசாபிமானி. இதுவே பலர் கொண்ட எண்ணம். இவ்வெண்ணம் வேரூன்றுதற்குக் காரணராயிருந்தவர் தம் இளமையில் ரக்பியை உளமார விரும்பி ஆடியவர் என்பது வியப்பன்றோ? அவரே மைக்கேல் கியூசாக். அவர்தம் வரலாற்றை நம் மாணவத் தோழர்களுக்குச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

கியூசாக் 1847-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 20-ந் தேதி, அயர்லாந்தின் மேற்கேயுள்ள கிளேர் ஜில்லாவில், பர்ரன் என்னும் பாறைப் பிரதேசத்தைச் சார்ந்த காரன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர் பிறந்த காலம் அந்நாட்டிற்குப் பொல்லாத காலம். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் பற்றியது. ஏழை மக்களுக்கு அக்கிழங்கே உணவாதலின் நாடெங்கும் பஞ்சம் பரந்தது. சில ஆண்டுகளுக்குள் சுமார் 10 லட்சம் மக்கள் பசியாலும் பிணியாலும் மாண்டனர். ஏறக்குறைய அத்தொகையினரே கப்பலேறி அயல்நாடு புகுந்தனர். மாண்டவரோடும் சென்றவரோடும் அந்நாட்டின் மொழியும் ஆட்டமும் தேய்ந்தன. ஐரிஷ் மொழி பேசுவோர் தொகை குறைந்தது. வளைந்த நுனியுடைய மரக்கோலாற் சிறு பந்தை அடித்து ஆடும் ஹர்லிங் என்னும் பழைய ஆட்டம் பல ஊர்களில் வழக்கொழிந்தது. கியூசாக்கோ ஐரிஷ் மொழியைப் பேசி வளர்ந்தவர். ஆகவே, அழிந்து வருவது யாது என்பதை அவர் பிறர் சொல்லக் கேட்டு அறியவேண்டுவதில்லை. தம் ஊரிலேயே கண்ணாற் கண்டு வளர்ந்தார்.

வாலிபப் பருவத்தில் அவர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். நியூரி நகரிலுள்ள தூய கோல்மன் கல்லூரியிலும், பின்னர் பிளாக்ராக், கிளாங்கோஸ் என்னும் பெயர்பெற்ற கத்தோலிக்கக் கல்லூரிகளிலும் கற்பித்தார். 1876-ல் மார்கரெட் உட்ஸ் என்னும் மாதரை மணந்தார். மறு ஆண்டில் டப்ளின் நகரில் தம் பெயராலேயே ஒரு கல்விச்சாலையை நிறுவினார். அரசாங்க உத்தியோகம், போலீஸ் முதலிய துறைகளுக்குரிய பரீட்சைகளுக்கு இளைஞரைப் பயிற்றுதல் அதன் நோக்கம். அப்பள்ளி தழைத்தது; அவருக்கு நல்ல ஊதியமும் கிடைத்தது. பிற்காலத்தில் ஆங்கில ஆட்சியின் சாயலையே வெறுத்தவர் என்று பெயரெடுத்த ஒருவர், அவ்வாட்சிக்கு ஊழியரை ஆயத்தஞ் செய்து பொருளீட்டினார் என்பதை நாம் குறையாகக் கூறவில்லை. அடிமைப்பட்ட நாட்டிற் கற்றவனுக்கு வேறு வழி அரிது என்பதற்கே இதனை எடுத்துக்காட்டினோம்.

கியூசாக் புத்தகமே கதியென்றிருந்த ஆசிரியரல்லர். பருத்த தோளும் அகன்ற மார்பும் உடையவர். குண்டெறிதலில் வல்லவராய் 1881-ல் அயர்லாந்தின் முதன்மைப் பரிசு பெற்றார். உடல் வலிமையின்றி அறிவு நிலைபெறாது என்பது அவர் கொள்கை. ஆதலின் தம் பள்ளியில் ரக்பிக் கோஷ்டி ஒன்றை அமைத்து, மாணாக்கரோடு தாமும் களத்திலிறங்கி ஆடினார். கிரிக்கெட்டையும் அவர் விரும்பினார். 1882-ம் ஆண்டிலுங்கூட, அவ்வாட்டம் சிறுவர்க்கு நற்பழக்கங்களைத் தரும் என்று பத்திரிகையில் எழுதியிருக்கின்றார். இரண்டே ஆண்டுகளில் இம்மனிதர் அவ்வாட்டங்களுக்கெல்லாம் மாற்றாராய் நின்றார். இம்மாற்றத்திற்குக் காரணம் யாதென ஆராய்தல் நம் கடன்.

முதற் காரணம் ஏழைகளின் நிலை. ஓட்டம், தாண்டுதல் முதலிய பந்தயங்களை அக்காலத்தில் நடத்தியவர் பெரும்பாலும் செல்வரும் உயர்பதவியினரும் ஆவர். அப்பந்தயங்கள் பலவற்றில் கைத்தொழிலாளர்க்கும் கூலியாட்களுக்கும் இடமில்லை. உடலால் உழைப்பவன் கனவான் ஆகான். கனவான் அல்லாதவன் போட்டியிடலாகாது என்பது அவர்கள் வகுத்த நியாயம். வாரமெல்லாம் வயலில் உழைப்பவனுக்கு ஓய்வுநாள் ஞாயிறு ஒன்றே. அந்நாளிலோ அவர்கள் பந்தயம் நடத்துவதில்லை. ஆகவே நாட்டில் மிக்க வலியுடையோர் வேலிக்குப் புறத்தே நின்று வேடிக்கை பார்க்கலாயினர். இரண்டாவது காரணம் மொழிப்பற்று. ஐரிஷ் மொழியைக் காக்க முயன்ற சங்கத்தாரோடு கியூசாக் நெருங்கிப் பழகினார். மொழி சாகின்ற இடத்தில் அம்மொழியினரின் ஆட்டமும் சாகின்றது என்பதை உணர்ந்தார். டப்ளினிலுள்ள பீனிக்ஸ் பூங்காவில் சில இளைஞரைத் திரட்டி ஹர்லிங் ஆடுவித்தார். 1883-ல் அதற்கென ஒரு கோஷ்டி கண்டார். ஆடியவர் சிலரே, ஆயினும் மேற்கிலும் தெற்கிலும் அவ்வாட்டத்தை மறவாதார் இன்னும் உளர் என்பது அவருக்குத் தெரியும்.

1884-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ந் தேதி அவர் ஐரிஷ் விளையாட்டுக்களைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாட்டு விளையாட்டுக்களை நாட்டாரே நடத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். மாரிஸ் டேவின் என்னும் புகழ்பெற்ற விளையாட்டு வீரர் அதனை ஆதரித்து எழுதினார். நவம்பர் மாதம் முதல் தேதி டிப்பரரி ஜில்லாவிலுள்ள தர்லஸ் பட்டணத்தில், ஹேஸ் என்பவரது ஹோட்டலிற் சிலர் கூடினர். வந்தவர் எழுவர் என்று வழங்குவர். அன்று பிறந்ததே கேலிக் விளையாட்டுச் சங்கம். டேவின் அதன் தலைவரானார். கியூசாக் காரியதரிசிகளுள் ஒருவரானார். பேராயர் குரோக், அரசியல் தலைவர் பார்னெல், நிலக் கிளர்ச்சித் தலைவர் டேவிட் ஆகிய மூவரும் புரவலராயிருக்க இசைந்தனர்.

இங்கே ஒரு செய்தியை நாம் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். அன்று கூடியவருள் தாமஸ் செயின்ட் ஜார்ஜ் மக்கார்த்தி என்பவர் ஒருவர். அவர் கியூசாக்கிடம் பயின்றவர். ஆங்கில அரசுக்குரிய ஐரிஷ் போலீஸ் படையில் அதிகாரி. 1882-ல் வேல்ஸ் நாட்டாரோடு அயர்லாந்துக்காக ரக்பி ஆடியவர். ரக்பி வீரரும் போலீஸ் அதிகாரியும் ஆகிய ஒருவர் இச்சங்கத்தின் தொட்டிலருகே நின்றார்! பிற்காலத்தில் அச்சங்கமே ரக்பி ஆடுவோரை விலக்கியது; போலீஸாரையும் விலக்கியது. அவ்விதிகள் முதல் நாளிலேயே இருந்திருப்பின், சங்கங் கண்ட எழுவருள் ஒருவர்க்கு வாயிலிலேயே தடை நேர்ந்திருக்கும்.

புதிய சங்கம் காய்ந்த புல்லிற் பற்றிய தீயைப் போல் நாடெங்கும் பரவியது. ஞாயிறு தோறும் ஊர்தோறும் உழவரும் தொழிலாளரும் களத்திலிறங்கினர். பஞ்சத்திற்குப்பின் ஒடுங்கிக் கிடந்த கிராமங்கள் தம் ஊர்ப்பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தன. 1887-ல் அயர்லாந்து முழுமைக்குமான போட்டிகள் தொடங்கின. ஆயினும் அவ்வெற்றியைக் காரியதரிசி என்னும் முறையிற் கண்டு மகிழும் பேறு கியூசாக்குக்கு வாய்க்கவில்லை. அவர் நா கடியது. பேனா அதனினும் கடியது. கடிதங்களுக்கு மறுமொழி எழுதுவதிலும் கணக்கு வைப்பதிலும் கருத்திலர். புரவலராகிய பேராயர் குரோக்கையே பகைத்துக்கொண்டார். 1886-ம் ஆண்டு ஜூலை மாதம் சங்கத்தார் அவரைப் பதவியினின்றும் நீக்கினர். தாம் தோற்றுவித்த சங்கத்தின் காரியதரிசியாய் அவர் இருந்தது இரண்டு ஆண்டுகளுக்குங் குறைவே.

பின்னர் 1887-ல் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார்; அது ஓராண்டளவில் நின்றது. 1890-ல் மனைவியார் இறந்தார். பள்ளியும் பழைய சிறப்பை இழந்தது. நரைத்த தாடியும், கையிலே முரட்டுத் தடியும், உரத்த குரலுமாய் டப்ளின் வீதிகளில் உலவிய அவரைக் கண்டு சிலர் வணங்கினர், சிலர் நகைத்தனர். 1906-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் உயிர் நீத்தார். 1922-ல் வெளிவந்த யுலிஸஸ் என்னும் நாவலில் ஜேம்ஸ் ஜாய்ஸ் படைத்த முரட்டுத் தேசாபிமானிக்கு இவரே மாதிரியென்பர். அப்பாத்திரம் அயலாரை வெறுப்பது, மதுக்கடையிலிருந்து முழங்குவது. அதனையே கியூசாக்கின் முழு உருவமாகக் கொள்ளுதல் பிழை. வேலிக்கு வெளியே நின்ற ஏழைகளைக் களத்துக்குள் அழைத்த ஆசிரியரை அந்நாவலிற் காண முடியாது.

அவர் திறந்த வாயில் பின்னர் மதிலாகவும் மாறியது. ரக்பி, கால்பந்து, கிரிக்கெட், ஹாக்கி ஆகிய அயலார் ஆட்டங்களை ஆடுவோரும், நாளடைவில் அவற்றைக் காணச் செல்வோரும் சங்கத்தினின்று விலக்கப்பட்டனர். 1938-ல் அயர்லாந்தின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட், தம் பதவிக்குரிய கடமையாக ஒரு கால்பந்துப் போட்டியைக் காணச் சென்றார். ஐரிஷ் மொழிக்கு வாழ்நாளெல்லாம் உழைத்தவர் அவர்; ஆயினும் அச்செயலுக்காகச் சங்கம் அவரைத் தன் புரவலர் வரிசையினின்றும் நீக்கியது! இவ்விலக்கு 1971-ல் தான் ஒழிந்தது. போலீஸார் மீதிருந்த விலக்கு 2001-ல் ஒழிந்தது. இவற்றின் முளை கியூசாக்கின் காலத்திலேயே தோன்றியது. ஆதலின் அப்பழியில் அவருக்குப் பங்கில்லை என்று நாம் சொல்லத் துணியோம். எனினும், பயிரை ஆடு மேயாமற் காக்க இட்ட வேலி, பயிர் மரமான பின்னும் நிற்குமாயின், அக்குற்றம் பின்வந்தாரையே பெரிதுஞ் சாரும்.

இனி ரக்பியின் பக்கத்தையும் நடுநிலையோடு நோக்குவோம். அயலார் ஆட்டமென்று இகழப்பட்ட அதுவே ஒரு வகையில் அயர்லாந்தைப் பிளவாது காத்தது. 1921-ல் நாடு இரண்டாகப் பிரிந்தது. வடக்கில் ஆறு ஜில்லாக்கள் பிரிட்டனோடு நின்றன. கால்பந்துக்கு இரண்டு சங்கங்கள் ஏற்பட்டன. ரக்பிக்கோ 1879-ல் அமைந்த ஒரே சங்கம் நிலைத்தது. பெல்பாஸ்டில் வாழும் புராட்டஸ்டண்டுக் குடும்பத்து இளைஞனும், லிமெரிக்கில் வாழும் கத்தோலிக்கத் தொழிலாளி மகனும் ஒரே பச்சைச் சட்டை அணிந்து தோளோடு தோள் சேர்த்து நின்றனர். வாக்குச் சாவடியில் ஒருவர்க்கொருவர் மாறான சீட்டை இடுபவர், களத்தின் ஓரத்தில் ஒரே குரலாய் ஆரவாரித்தனர். எந்தத் தேசியகீதம் இசைப்பது என்ற சங்கடம் மட்டும் நீங்கவில்லை. அதனைத் தணிக்க 1995-ல் இருசாராரும் பாடத்தக்க ஒரு புதிய பாட்டு இயற்றப்பட்டது.

இவ்விரு நெறிகளும் ஒருநாள் ஒரே இடத்தில் சந்தித்தன. டப்ளினில் கேலிக் சங்கத்தார்க்குரிய பெரிய ஆடுகளம், பேராயர் குரோக்கின் பெயரால் குரோக் பார்க் எனப்படும். 1920-ம் ஆண்டு நவம்பர் மாதம் 21-ந் தேதி அங்கே பந்தாட்டம் நடக்கையில் ஆங்கில அரசின் படையினர் புகுந்து சுட்டதில் 14 பேர் மாண்டனர். அவருள் மைக்கேல் ஹோகன் என்னும் ஆட்டக்காரரும் ஒருவர். அத்தரையில் ஆங்கிலேயர் ஆட்டம் நடவாது என்பது நெடுநாளைய உறுதி. ரக்பிக்குரிய லான்ஸ்டவுன் ரோடு களத்தைப் புதுப்பிக்க நேர்ந்தபோது, 2005-ல் சங்கத்தார் பேரவை கூடி, நெடிது வாதித்து, தம் கதவைத் திறக்க வாக்களித்தனர். 2007-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 24-ந் தேதி அயர்லாந்தும் இங்கிலாந்தும் அங்கே ரக்பி ஆடின. இங்கிலாந்தின் அரச கீதம் அக்களத்தில் ஒலித்தபோது, எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் மரியாதையோடு கேட்டு நின்றனர். பின்னர் நிகழ்ந்த ஆட்டத்தில் அயர்லாந்து 43 புள்ளிகளும் இங்கிலாந்து 13 புள்ளிகளும் பெற்றன. அக்களத்தின் ஒரு புறத்தே எழுந்து நிற்கும் பெரிய மேடைக்குக் கியூசாக்கின் பெயரே வழங்குகின்றது. தாம் இளமையில் ஆடி, பின்னர் வெறுத்து விலக்கிய ஆட்டத்தை அவர் பெயர் தாங்கிய மேடையிலமர்ந்தே மக்கள் அன்று கண்டு களித்தனர்.

கியூசாக் இதனைக் கண்டிருப்பின் சினந்திருப்பாரோ, மகிழ்ந்திருப்பாரோ என்று ஆராய்தல் வீண். நாம் உணரத்தக்கது ஒன்றுண்டு. நலிந்தவன் தன் சொத்தைக் காக்க வேலியிடுதல் நீதி. வலிமை பெற்றவன் அவ்வேலியைத் தானே அகற்றுதல் பெருந்தன்மை. ஹர்லிங் 1884-ல் மாண்டுபோகும் நிலையிலிருந்தது. அன்று கியூசாக்கின் பிடிவாதம் இன்றியமையாததாயிற்று. 2007-ல் அது அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ஆதலின் அயலார் ஆட்டத்தை விருந்தாக ஏற்கவும் அவர்கள் கீதத்தை அமைதியாகக் கேட்கவும் அம்மக்களால் இயன்றது. அவ்வமைதிக்கு வேண்டிய வலிமையைச் சேர்த்துவைத்தவருள் காரன் ஊரிற் பிறந்த அவ்வாசிரியர் முதல்வர். தம் நாட்டையும் மொழியையும் நேசிக்கும் மாணவராகிய நாம் அவர்தம் உறுதியைக் கைக்கொள்வோமாக. அவர்க்குப் பின்வந்தோர் காலந்தாழ்த்துக் கற்ற பெருந்தன்மையைக் காலத்தோடே கற்போமாக.