லயத்தின் கதவைத் தட்டிய நடேசய்யர்

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் பொல்பிட்டியவை அண்மித்து ஒன்றுசேர்ந்து களனி கங்கையாகப் பெருகுகின்றன. அந்த நீரைக் கொண்டு 1969ஆம் ஆண்டு முதல் பொல்பிட்டியவில் மின்சாரம் உற்பத்தி செய்யப்பட்டு வருகின்றது. எனினும், அவ்வாறுகள் இறங்கி வரும் ஹட்டன், மஸ்கெலியா மலைகளின் லயன் அறைகள் பலவற்றில் அதன் பின்னரும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குகளே எரிந்தன. விளக்கு மாறிய பின்னரும் பல லயங்கள் மாறவில்லை. தோட்டத் தொழிலாளருக்கு வீடும் காணியும் என்ற பேச்சு எழும் வேளைகளில், அதன் வேரைக் கண்டறிந்த முன்னோடி ஒருவரை நாம் மறந்துவிடுகின்றோம். அவர் கோ. நடேசய்யர்.

தஞ்சாவூரைச் சேர்ந்தவரான அவர், 1910களின் நடுப்பகுதியில் பத்திரிகையாளராக இலங்கைக்கு வந்தார். மலைநாட்டில் தம்மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதைக் காண விரும்பியபோது, தோட்டத்தின் எல்லையிலேயே தடை இருந்தது. அனுமதியின்றி உள்ளே செல்லும் வெளியார், அத்துமீறிப் பிரவேசித்தவராகக் கருதப்பட்டனர். புடவை வியாபாரிகளுக்கு மாத்திரம் அந்தத் தடை சற்றுத் தளர்ந்திருந்தது. ஆகவே நடேசய்யர் துணிமூட்டையைத் தோளில் சுமந்து புடவை வியாபாரியாக லயங்களுக்குள் நுழைந்தார்.

இந்நிகழ்ச்சி அவருடைய துணிச்சலுக்கு உதாரணமாகவே பெரும்பாலும் கூறப்படுகின்றது. நாம் அதில் வேறொன்றையும் காண்கின்றோம். தொழிலாளியின் வீட்டுக்கு வருபவர் எதற்காக வேடமிட வேண்டும்? அது அவனுடைய வீடு அல்ல என்பதாலேயே. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட அந்த அறை தோட்டத்தின் உடைமை. வேலை உள்ளவரை கூரை உண்டு. வேலை போனால் அடுப்பு, பானை, பிள்ளைகளுடன் வெளியேற வேண்டியதுதான். துரை பற்றுச்சீட்டு வழங்காவிடின் அடுத்த தோட்டத்தில் இடம் கிடைப்பதும் அரிது. கூலி குறைவென்று வாய்திறப்பவன் கூரையையும் பணயம் வைத்தே பேச வேண்டியிருந்தது. தொழிற்சங்கங்கள் தோட்டங்களுக்குள் காலூன்றத் தாமதமானதற்கு இதுவும் முக்கிய காரணமாகும்.

பின்னர் இலங்கையிலேயே தங்கிய அவர், தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். கொழும்பில் ஏ.ஈ. குணசிங்கவுடன் இணைந்து தொழிலாளர் இயக்கத்தில் பணியாற்றிப் பின் பிரிந்தார். 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தை ஆரம்பித்தார். கூட்டங்களைத் தோட்டத்துக்குள் நடத்த முடியாதபடியால் நகரங்களுக்கு மக்களை அழைத்தார். துணைவியார் மீனாட்சி அம்மாள் அங்கு தாமே இயற்றிய பாடல்களைப் பாடுவார். ஆயிரம் பிரசங்கங்கள் செய்யாததை அப்பாடல்கள் செய்திருக்கும் என்பது எமது எண்ணம்.

1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். மறுவருடம் கிராமச் சபைத் திருத்தச் சட்டத்தின் மூலம், தோட்டங்களில் வசிக்கும் இந்தியத் தொழிலாளருக்கு உள்ளூராட்சி வாக்குரிமை மறுக்கப்பட்டது. அன்று அது சிறிய விடயமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் தோட்டம் கிராமத்திலிருந்து சட்டப்படியே விலக்கி வைக்கப்பட்டது. வாக்குரிமை கிடைத்த பின்னரும் பிரதேச சபைகள் தமது நிதியைத் தோட்டப் பாதைகளுக்கும் குடிநீருக்கும் செலவிடுவதற்கு இருந்த சட்டத்தடை நீங்க 2018ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது.

நடேசய்யர் எவருடனும் நீண்டகாலம் இணங்கிப் பணியாற்றியவர் அல்லர். 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸுடனும் அவரது உறவு நிலைக்கவில்லை. அவர் தொடங்கிய பணி அப்துல் அஸீஸ், சௌமியமூர்த்தி தொண்டமான் போன்றோரின் கைகளுக்குச் சென்றது. 1946இல் கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டம் கிராம விஸ்தரிப்புக்கெனச் சுவீகரிக்கப்பட்டு, தொழிலாளர் லயங்களைவிட்டு வெளியேறப் பணிக்கப்பட்டபோது அவர்கள் மறுத்தனர். அதையொட்டி மலையகத்தில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. அது கூலிக்காக அல்ல, குடியிருக்கும் உரிமைக்காக நடந்த போராட்டம். 1947இல் நடேசய்யர் மறைந்தார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களுள் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. அதன்பின் இலாபநோக்கற்ற பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் அனுசரணையுடன் தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. தொழிலாளி உடலுழைப்பை அளித்து, கடனைச் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்தித் தனிவீடு பெறும் ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏழு பேர்ச் நிலத்தை விடுவிப்பதற்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஏது அதிகாரம்? நிலம் அரசுக்குரியது, குத்தகை கம்பனிக்குரியது. கடனைக் கட்டி முடித்தும் உறுதிப்பத்திரம் கிடைக்காதோர் பலர். இந்திய உதவியில் முதலில் 4,000, பின்னர் 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட 10,000 வீடுகள் என்பனவும் இக்காணிப் பிரச்சினையைக் கடந்தே எழ வேண்டியுள்ளன.

2025 நவம்பரில் டித்வா புயல் மலைச்சரிவுகளைக் குலைத்தபோது பாதிக்கப்பட்டோருள் லயத்துக் குடும்பங்களும் இருந்தன. அவர்களைப் பாதுகாப்பான இடங்களில் குடியேற்றுவது பற்றிப் பேசப்பட்டதும் காணியை விடுவிப்பது யார் என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.