ஹெலன் கெல்லர் அம்மையார்

கண் காணாத, காது கேளாத ஒரு பிள்ளை மொழியைக் கற்க முடியுமா என்னும் வினாவுக்குத் தமது வாழ்வையே விடையாக்கியவர் ஹெலன் கெல்லர் அம்மையார்.

இவர் 1880 ஆம் ஆண்டு யூன் மாதம் 27 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கம்பியா என்னும் ஊரில் பிறந்தார். ஏனைய குழந்தைகளைப் போலவே ஒரு வயதளவில் சில சொற்களைப் பேசத் தொடங்கினார். தண்ணீரைக் குறிக்கும் சொல்லும் அவற்றுள் ஒன்று. பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது கண்ட கடும் நோய் அவரது பார்வையையும் கேட்கும் ஆற்றலையும் பறித்துக்கொண்டது.

குழந்தைகள் பிறர் பேசுவதைக் கேட்டே பேசப் பழகுகின்றன. கேட்கும் வழி அடைபட்டதும் ஹெலனின் பேச்சும் நின்றது. தண்ணீருக்குரிய சொல்லின் சிதைந்த ஒலி மட்டும் நெடுநாள் எஞ்சியிருந்தது. ஏனையவற்றைச் சைகையால் உணர்த்தினார். பாண் வேண்டுமெனில் அதை வெட்டிப் பட்டர் பூசுவது போலச் செய்து காட்டுவார். தாம் நினைப்பது பிறருக்கு விளங்காதபோது கோபங்கொண்டு கத்தி உதைப்பார்.

1887 மார்ச் 3 ஆந் திகதி ஆன் சலிவன் என்னும் இருபது வயது ஆசிரியை அவ்வீட்டுக்கு வந்தார். அவரும் சிறுவயதில் கண்நோயால் துன்புற்றவர். பொஸ்டன் நகரப் பேர்கின்ஸ் பார்வையற்றோர் பாடசாலையில் பயின்றவர். அவர் ஹெலனின் உள்ளங்கையில் விரல்களால் எழுத்துக்களை உணர்த்தினார். ஹெலன் அவற்றைத் திருப்பிச் செய்தாரேயன்றி, பொருள்களுக்குப் பெயர் உண்டு என்பதை அறியவில்லை.

ஏப்பிரல் 5 ஆந் திகதி நீர்ப்பம்பியிலிருந்து பாய்ந்த நீரில் ஹெலனின் ஒரு கையைப் பிடித்து, மறுகையில் தண்ணீர் என்னும் சொல்லை ஆசிரியை எழுதினார். அக்கணமே ஹெலனுக்குச் சொல்லும் பொருளும் ஒன்றுபட்டன. அன்றே அவர் ஏறத்தாழ முப்பது புதிய சொற்களைக் கற்றார்.

இதன் பின்னர் ஆசிரியை செய்த மாற்றம் மிக முக்கியமானது. ஹெலனின் உறவுக் குழந்தையொன்று பதினைந்து மாதத்திலேயே, தான் பேசும் முன்னரே, பிறர் கூறுவதை விளங்கிக்கொள்வதை அவர் அவதானித்தார். அக்குழந்தைக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. எனவே அவர் நேரம் ஒதுக்கிப் பாடம் நடத்துவதை நிறுத்தினார். தாய் குழந்தையின் காதில் பேசுவது போல, நாள் முழுவதும் முழு வாக்கியங்களாகவே ஹெலனின் கையில் பேசினார். உண்ணும்போதும் உலாவும்போதும் மொழி வளர்ந்தது.

1890 இல் சேரா புல்லர் என்னும் ஆசிரியையிடம் வாய்ப்பேச்சுக் கற்க ஹெலன் சென்றார். ஆசிரியையின் உதடும் நாவும் அசையும் விதத்தை விரல்களால் தொட்டறிந்து ஒலிகளை எழுப்பினார். எனினும் அவரது பேச்சு நன்கு பழகியவர்களுக்கே விளங்கியது. வாழ்நாள் முழுவதும் முயன்றும் அக்குறை முற்றாக நீங்கவில்லை. அதற்காக அவர் மேடையேறத் தயங்கவுமில்லை. அவர் கூறுவதை அருகில் நின்றவர் சபையோருக்குத் திருப்பிக் கூறுவார்.

1903 இல் தமது வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1904 இல் றட்கிளிவ் கல்லூரியில் கலைப் பட்டம் பெற்றார். பார்வையும் செவிப்புலனும் அற்ற ஒருவர் இத்தகைய பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. பல நாடுகளுக்கும் சென்று மாற்றுத்திறனாளிகளின் கல்விக்காகக் குரல் கொடுத்தார். ஆன் சலிவன் 1936 இல் மறையும்வரை அவருடனேயே வாழ்ந்தார். அம்மையார் 1968 யூன் 1 ஆந் திகதி தமது 87 ஆவது வயதில் காலமானார்.

மாணவர்களே, சொற்பட்டியலை மனனம் செய்து எந்தக் குழந்தையும் பேசப் பழகுவதில்லை. அன்புடையோர் இடைவிடாது அதனுடன் பேசுவதாலேயே மொழி பிறக்கின்றது. அம்மையாரின் வாழ்வு உணர்த்தும் உண்மை இதுவே.

பயிற்சி
1. நோயின் பின் ஹெலனின் பேச்சு நின்றமைக்குக் காரணம் யாது?
2. நீர்ப்பம்பி நிகழ்ச்சியால் ஹெலன் அறிந்துகொண்டது யாது?
3. ஆன் சலிவன் கற்பித்தல் முறையை மாற்றியமைக்கான காரணத்தை விளக்குக.