கச்சால் தீவு வரை நீளும் கதை: யார் இந்த நடேசய்யர்?

நிகோபாரின் கச்சால் தீவில் இருக்கும் ரப்பர் தோட்டத்துக்கு இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் எப்படி வந்தாங்க? பதில் வேணும்னா, நீங்க கோ. நடேசய்யரிலிருந்து தொடங்கணும்.

தஞ்சாவூர்ப் பத்திரிகையாளரான அவர் 1920-ல் இலங்கை போனார். மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குள் வெளியாட்களைத் துரைமார் விடமாட்டார்கள். அதனால் துணி வியாபாரி வேடத்தில் உள்ளே போனார். கங்காணி கொடுத்த முன்பணமே கடனாகி, தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டிருந்தது. இதையெல்லாம் பத்திரிகையில் எழுதினார். 1931-ல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சங்கம் தொடங்கினார். மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் பாடி ஆட்களைத் திரட்டினார். 1936-ல் அட்டன் தொகுதியில் ஜெயித்து அரசாங்க சபைக்குப் போனார் நடேசய்யர்.

1947 நவம்பரில் அவர் இறந்தார். அடுத்த வருஷமே இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949-ல் ஓட்டும் போச்சு.

அதன் பிறகு எல்லாமே கணக்குதான். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் 1.5 லட்சம் பேரை 1974-ல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரிச்சுக்கிட்டாங்க. யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. திரும்பியவர்களில் சிலருக்குக் கூடலூர் டான்டீ தோட்டத்தில் வேலை, சிலருக்குக் கச்சாலில்.

இலங்கையிலேயே தங்கி, நாடற்றவர்களாகவே மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-ல் வந்தது. நடேசய்யர் இறந்து 56 வருஷம் கழித்து.