வேருக்குள் மருந்தைக் கண்ட சித்தீக்கி

பாரம்பரிய வைத்தியமும் நவீன விஞ்ஞானமும் ஒன்றையொன்று பகைப்பவை என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. அதனைத் தமது ஆய்வுகூடப் பணியாலேயே பொய்ப்பித்தவர் கலாநிதி சலீமுஸ்ஸமான் சித்தீக்கி ஆவார்.

1897இல் லக்னோவுக்கு அண்மையிலுள்ள சுபேஹாவில் பிறந்த அவர், அலிகாரில் கற்றவை தத்துவமும் பாரசீகமுமே. 1920இல் மருத்துவம் பயில லண்டன் சென்றவர், மறு ஆண்டே இரசாயனவியலை நாடி ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகருக்குப் பெயர்ந்து, 1927இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

யூனானி மேதை ஹகீம் அஜ்மல் கான், டில்லி திப்பியாக் கல்லூரியில் மூலிகை ஆய்வை ஆரம்பிக்கும் பொறுப்பை இவரிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஹகீம் காலமானார். ஆதரித்த கரம் மறைந்தபோதும் சித்தீக்கி பணியைக் கைவிடவில்லை.

சித்தப்பிரமைக்கும் பாம்புக்கடிக்கும் வைத்தியர்கள் கையாண்டு வந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து 1931இல் அவர் பல அல்கலோயிட்டுகளைப் பிரித்தெடுத்தார். காபன் அணுக்களாலான வளையத்தில் நைதரசன் அணுவும் இடம்பெறும் பல்லின வளையச் சேர்வைகள் இவை. மலேரியாவுக்கான குயினைனும் வலி தணிக்கும் மோர்பினும் இவ்வினத்தவையே. தாம் கண்டவற்றுள் ஒன்றுக்குத் தம்மை ஆதரித்தவரின் நினைவாக 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கீனத்துக்கு மருந்தாகிய அது, திடீர் மரணத்தை விளைவிக்கும் புருகாடா என்ற இதய நோயைக் கண்டறிய இன்றும் பயன்படுகிறது.

ஆயினும், அதே வேரிலிருந்து இரத்த அழுத்தத்துக்கான ரெசர்பின் 1952இல் சுவிட்சர்லாந்திலேயே பிரித்தெடுக்கப்பட்டது. உலகச் சந்தையை ஆண்டதும் அதுவே. மூலிகை நம்முடையதாயினும், ஆய்வைத் தொடரும் வசதி உள்ளவரையே பயன் சென்றடைகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

வேம்பின் சேர்வைகளையும் ஆராய்ந்த அவர், 1951இல் பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் விஞ்ஞான ஆய்வு நிறுவனங்களுக்கு அடித்தளமிட்டார். 1961இல் லண்டன் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1994இல் தமது 96ஆவது வயதில் கராச்சியில் காலமானார்.

சர்ப்பகந்தி இலங்கையிலும் வளர்வதே. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சுல்தான்பாவா, ஒட்சிசன் வளையமுடைய சாந்தோன்களை நம் நாட்டு மரங்களில் ஆராய்ந்து இதே வழியில் நடந்தவர். பல்லேகலைக்கு வடகிழக்கே எழும் நக்கிள்ஸ் மலைக்காடுகளில் இன்னும் ஆராயப்படாத தாவரங்கள் உள்ளன. கண்டிப் பிரதேச மாணவர் அவற்றை நாடுவதும், அதற்கான ஆய்வுகூடங்களை அரசு தருவதுமே சித்தீக்கிக்கு நாம் செலுத்தும் மெய்யான மரியாதையாகும்.