மட்டையைத் தந்த கை

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். என் தந்தை தச்சர். மண்வெட்டிக்குக் காம்பு போட மரம் தேடும்போது, துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இழை நுனிவரை நேராக ஓடுகிறதா என்று ஆராய்வார். குறுக்கே ஓடும் இழை முதல் அடியிலேயே முறிந்துவிடும் என்பது அவர் அனுபவத்தில் கற்ற இயற்பியல். அமெரிக்காவில் பேஸ்பால் மட்டை செய்பவர்களும் இதே கண்ணோடுதான் மரம் பார்க்கிறார்கள் என்று நம் கல்லூரி நூலகத்தில் படித்தபோது வியந்தேன். மட்டையைப் பற்றி அறியப் புகுந்தவன், அதைப் பிடித்த ஒரு மாமனிதரின் வாழ்க்கையில் போய் நின்றேன். அவர்தான் பேப் ரூத்.

1895 பிப்ரவரி 6 அன்று பால்டிமோர் நகரில் பிறந்தார் ரூத். பெற்றோருக்குப் பிறந்த எட்டுக் குழந்தைகளில் அவரும் ஒரு தங்கையும் மட்டுமே பிழைத்தனர். தந்தை மதுக்கடை நடத்தினார். பள்ளிக்குப் போகாமல் தெருவில் திரிந்த பிள்ளையை அடக்க இயலாத பெற்றோர், 1902-இல், ஏழாம் வயதில், புனித மேரி தொழிற்பள்ளியில் விட்டனர். அநாதைகளும் அடங்காப் பிள்ளைகளும் வளர்ந்த இடம் அது. அங்கே சட்டை தைக்கும் தொழிலைக் கற்றார். விதி வேறு வழி காட்டாதிருந்தால் ஒரு தையற்காரராகவே அவர் வாழ்ந்து முடிந்திருப்பார்.

அந்த வேறு வழியைக் காட்டியவர் மத்தியாஸ் என்னும் துறவி. நெடிதுயர்ந்த உடல்; பள்ளியின் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு. அவர் மட்டையை ஒற்றைக் கையில் பிடித்துப் பந்தை வானளாவ அடிப்பதைச் சிறுவன் வாய் பிளந்து பார்த்து நின்றான். பின்னர் அவரே ரூத்துக்கு ஆட்டம் பயிற்றினார். ரூத் இடக்கைப் பழக்கமுடையவர். ஆனால் பள்ளியில் இருந்ததோ வலக்கையருக்கான கையுறை. அதை வைத்துக்கொண்டே ஆடிப் பழகினார்.

1914-இல் தொழில்முறை ஆட்டத்தில் நுழைந்து, அதே ஆண்டில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியை அடைந்தார். தொடக்கத்தில் அவர் புகழ் பெற்றது பந்து எறிவதில்தான். 1916-இல் 23 ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்தார். ஆனால் அவர் உள்ளம் மட்டையையே நாடியது.

அந்த மட்டை எப்படி உருவாகிறது? அக்காலத்தில் பெரும்பாலும் ஆஷ் என்னும் மரமே பயன்பட்டது. மரத்தை இழைவழியே பிளந்து, உருளைத் துண்டுகளாக்கி, ஈரம் வற்ற உலர்த்தி, கடைசல் எந்திரத்தில் கடைந்தெடுப்பார்கள். மரத்தின் பட்டையான முகத்தில் முத்திரையைச் சுட்டுப் பதிப்பார்கள். ஆடுபவர் முத்திரையை மேல்நோக்கிப் பிடித்தால், பந்து வளர்ச்சி வளையங்களின் விளிம்பில் மோதும், அங்கேதான் வலிமை. பட்டை முகத்தில் மோதினாலோ மரம் அடுக்கடுக்காக உரியும். முத்திரை வெறும் விளம்பரமன்று, ஆடுபவருக்கு ஓர் அறிவுரை!

ரூத்துக்கு முன் பலர் மட்டையைச் சற்று மேலே பிடித்து, பந்தைத் தட்டிவிட்டு ஓடினர். ரூத்தோ அடிநுனியில் பிடித்து, உடல் முழுவதும் சுழல வீசினார். அவர் மட்டைகள் 40 அவுன்சுக்கு மேல், அதாவது ஒரு கிலோவுக்கும் அதிகம். இயக்க ஆற்றல் நிறைக்கு நேர்விகிதத்திலும் வேகத்தின் இருமடிக்கேற்பவும் பெருகும் என்று நாம் வகுப்பில் படிக்கிறோம். கனமான மட்டையை வேகமாகவும் வீச வல்ல உடல் அவருக்கு வாய்த்தது. 1921-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் அவரைச் சோதித்து, அவர் கண்ணும் கையும் சராசரி மனிதரை மிஞ்சி விரைவாகச் செயல்படுவதைக் கண்டனர்.

1920-இல் ஒரு லட்சம் டாலர் விலையில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு மாறினார். எல்லைக்கு அப்பால் பந்தை விரட்டும் ஹோம் ரன்களை அவ்வாண்டில் மட்டும் 54 முறை அடித்தார். எச்சில் தடவி எறிவதற்கு அவ்வாண்டில் வந்த தடையும் அடிப்பவர்களுக்குத் துணை செய்தது. 1927-இல் 60 ஹோம் ரன்கள்! அவ்வாண்டு பயன்படுத்திய மட்டை ஒன்றில், ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் ஒன்றாக, முத்திரையைச் சுற்றி 21 வெட்டுக்கள் செதுக்கியிருந்தார். அதை லூயிவில் நகர அருங்காட்சியகத்தில் காக்கிறார்கள்.

அவர் குறையற்றவர் அல்லர். உண்டியிலும் குடியிலும் கட்டுப்பாடு இல்லை. 1925-இல் நோயுற்று அறுவை செய்துகொண்டார். அதே ஆண்டில் ஒழுங்கு மீறியதற்காக 5,000 டாலர் தண்டம் கட்டும்படி ஆனார். அவர் வென்ற களமும் குறையற்றதன்று. கறுப்பின வீரர்களுக்கு அதன் கதவு 1947 வரை மூடிக் கிடந்தது. அவருடைய 714 ஹோம் ரன்கள் என்னும் சாதனையை 1974-இல் முறியடித்தவர் ஹாங்க் ஆரன் என்னும் கறுப்பின வீரர். மட்டை கைக்குக் கிட்டாமலே மடிந்த திறமைகள் எத்தனையோ!

1919-இல் தொழிற்பள்ளி தீக்கு இரையானது. மறு ஆண்டு, புகழின் உச்சியில் இருந்த ரூத், அப்பள்ளிப் பிள்ளைகளின் இசைக்குழுவை அணியின் பயணத்தில் ஊர் ஊராக அழைத்துச் சென்று நிதி திரட்ட உதவினார். 1948 ஆகஸ்ட் 16-இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அப்போது வயது 53.

அவர் சாதனைகளைவிட அந்த இசைக்குழுவே என் நெஞ்சில் நிற்கிறது. நல்ல மரம் காட்டில் நின்றால் மட்டும் மட்டையாகிவிடாது. இழை பார்க்கத் தெரிந்த கண் ஒன்று வேண்டும். மட்டையும் ஒரு பிள்ளையின் கைக்குத் தானே வந்துவிடாது. யாரோ ஒருவர் கொண்டுவந்து தர வேண்டும். உளி பிடிக்க இன்னொரு கை தேவைப்பட்ட வீட்டில், என் கையில் உளிக்குப் பதிலாகப் புத்தகத்தைத் தந்தவர் என் தந்தை. ரூத் தம் பள்ளிக்குச் செய்ததைப்போல் நானும் ஒருநாள் செய்ய வேண்டும் என்பதே, இந்த வரலாற்றைப் படித்து முடித்தபோது என்னுள் எழுந்த உறுதி.