ரேந்தை பின்னிய தாய்

கடன்பட்டுத் தையல் இயந்திரம் ஒன்றை வாங்கிவிட்டு, அடுத்த மாதம் வேலை கிடைக்குமோ என ஏங்கிய அனுபவம் உங்களுக்கு உண்டா? அவ்வாறாயின் புனித செலி மார்ட்டினை நீங்கள் அறிந்திருத்தல் நல்லது. சிறுமலர் குழந்தை தெரேசாவின் தாய் என்றே நாம் அவரை நினைவுகூருகின்றோம். 2015 ஒக்டோபர் 18 அன்று கணவர் லூயியுடன் புனிதராக உயர்த்தப்பட்ட அவர், சொந்தமாகத் தொழில் நடத்திய பெண்மணியுமாவார்.

1831இல் பிரான்சின் நோர்மண்டிப் பகுதியில் பிறந்த செலி, துறவியாக விரும்பினார். மடத்தினர் அவரை ஏற்கவில்லை. வீட்டிலும் வசதி குறைவு. 1851 டிசெம்பர் 8, அமலோற்பவ அன்னையின் திருநாளன்று, அலன்சோன் ரேந்தைத் தொழிலில் இறங்குமாறு உள்ளத்தில் ஒரு தூண்டுதலை உணர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் தொழில் ஆரம்பமாயிற்று.

அந்த ரேந்தை விரைவில் முடியும் வேலையன்று. தோற்றாளில் வரைந்த கோலத்தை ஊசியாற் குத்தி, அதன் விளிம்பில் நூலோட்டி, உள்ளே வலையும் பூவும் ஊசியாலேயே நிரப்ப வேண்டும். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய ஏழு மணித்தியாலங்கள் செல்லும். தத்தம் வீடுகளில் சிறு துண்டுகளைப் பின்னிய பெண்கள், வியாழக்கிழமைகளில் அவற்றைச் செலியிடம் கொண்டுவருவர். தையல் தெரியாதவாறு அவற்றை ஒன்றிணைக்கும் கடினமான வேலையை அவர் தமக்கென வைத்துக்கொண்டார்.

நூலுக்கும் கூலிக்கும் பணம் முதலிலே போய்விடும். கொள்வனவாளரின் பணமோ பின்னர்தான் வரும். வேலை குவிந்தால் தாம் அடிமை போலாகிவிடுவதாகவும், குறைந்தால் தேங்கிய சரக்கும், பழக்கிய பெண்கள் வேறிடம் போய்விடுவார்களோ என்ற பயமும் வாட்டுவதாகவும் செலி தம் கடிதங்களில் வெளிப்படையாகவே முறையிட்டார். நம்பிக்கை உள்ளவர்க்குக் கவலையே இராது என்று மறையுரையில் சொல்லிவிடுவது எங்களுக்கு எளிது. எனக்கோ இந்த முறைப்பாடுகளே ஆறுதல் தருகின்றன. கவலை இருந்தது, ஆயினும் அடுத்த வியாழக்கிழமை பெண்கள் வந்தபோது கதவு திறந்தே இருந்தது.

1867 முதல் 1870 வரை அவர் தம் பிள்ளைகளில் நால்வரை அடக்கம் செய்தார். அதே 1870இல் லூயி தமது மணிக்கூட்டுக் கடையை மருமகனுக்கு விற்று, மனைவியின் தொழிலில் முழுமையாக இணைந்தார். ஞாயிற்றுக்கிழமை கிராமத்தார் பட்டணத்துக்கு வந்து பொருள் வாங்கும் நாளாக இருந்தும், அக்கடையை அன்று பூட்டியே வைத்திருந்தவர் அவர். அந்த ஆண்டிலேயே பிரஷ்யாவுடன் போர் மூண்டது. பரிஸ் நகரம் முற்றுகையிடப்பட்டது, வியாபாரம் படுத்துவிட்டது. 1871 ஜனவரியில் அலன்சோனுக்குள் புகுந்த பிரஷ்யப் படையினருள் ஒன்பது பேரை மார்ட்டின் குடும்பம் தன் வீட்டிலேயே தங்கவைத்து உணவளிக்க நேர்ந்தது.

போர் முடிந்தபின் வேலை மீண்டும் வந்தது. 1873இல் தெரேசா பிறந்தார். ஆனால் 1876 டிசெம்பரில், மார்பிலிருந்த கட்டி குணமாகாதென வைத்தியர் கூறிவிட்டார். அடுத்த ஜூனில் செலி மூத்த பெண்களுடன் லூர்து சென்றார்; சுகம் கிட்டவில்லை. திரும்பி வந்து, இயன்றவரை ஊசியைப் பிடித்தார். 1877 ஓகஸ்ட் 28 அன்று, 45ஆவது வயதில் இறந்தார். கடைக்குட்டி தெரேசாவுக்கு அப்போது நான்கு வயது.

அவ்வாண்டு நவம்பரில் ஐந்து பெண்பிள்ளைகளும் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தனர். மனைவியின் தொழிற் கணக்குகளைத் தீர்த்து முடிப்பதற்காக லூயி மட்டும் சில நாட்கள் அலன்சோனில் தங்கினார்.