எஸ்பிரசோவை கருகலில் இருந்து காப்பாற்றியவர்: யார் இந்த அக்கிலே காஜியா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அபார்ட்மென்ட் கிச்சன்களில் இப்போ மிக்ஸிக்குப் பக்கத்தில் எஸ்பிரசோ மெஷினும் உட்கார ஆரம்பிச்சாச்சு. பட்டனைத் தட்டினால் சில நொடிகளில் சூடு. ஆனா முதல் கப் மட்டும் ஏன் புளிக்குது? பதில், மிலானில் 1895-ல் பிறந்த அக்கிலே காஜியாவின் கதையில் இருக்கு.

குடும்பத்தின் காபி பாரில் வேலை பார்த்தவர் அவர். அன்றைய மெஷின்களில் நீராவிதான் தண்ணீரைத் தூளுக்குள் தள்ளும். அழுத்தம் வேணும்னா சூட்டை ஏத்தணும். 100 டிகிரி தாண்டினா காபி கருகும். அழுத்தத்தையும் சூட்டையும் பிரிப்பதுதான் காஜியாவின் போராட்டம்.

1938-ல் நீராவி தேவைப்படாத முறைக்குக் காப்புரிமை கேட்டார். உலகப் போர் குறுக்கே வந்தது. போருக்குப் பிறகு நெம்புகோலும் ஸ்பிரிங்கும் வைத்த மெஷினைக் கொண்டுவந்தார். 1948-ல் நிறுவனம் தொடங்கினார். அழுத்தம் ஸ்பிரிங்கின் வேலை ஆனது. கருகல் போனது, பொன்னிற நுரை வந்தது. 1961-ல் காலமானார்.

இன்றைய வீட்டு மெஷினில் அழுத்தம் பம்ப்பின் வேலை. சூட்டைச் சீராக வைப்பதுதான் பாக்கி. சுமார் 90 முதல் 96 டிகிரி வேணும். லேசான தவா சட்டுனு காயும், மாவு ஊத்தினதும் ஆறிடும். கனமான இரும்பு தோசைக்கல் அப்படியில்லை. சீக்கிரம் சூடாகும் மெஷின் அந்தத் தவா மாதிரி.

அதனால் தூள் போடாமல் ஒருமுறை வெந்நீரை ஓடவிட்டு, கப்பையும் சூடாக்கிட்டு, அப்புறம் காபி போடுங்க.